சாவி போன வழி

2016 ஆகஸ்ட் 2-ஆம் தேதி, ஹாங்காங்கைத் தலைமையிடமாகக் கொண்ட பிட்ஃபினெக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து 1,19,754 பிட்காயின் வெளியே போனது. ஒரே வீச்சில் போகவில்லை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தனித்தனிப் பரிவர்த்தனைகளாகப் போனது. அன்றைய விலைக்கு அதன் மதிப்பு சுமார் 7.1 கோடி டாலர். செய்தி பரவியதும் உலகச் சந்தையிலேயே பிட்காயின் விலை கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு சரிந்தது.

ஆனால் பிட்காயின் வலையமைப்புக்கு இதில் விசேஷம் எதுவும் தெரியவில்லை. ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் இருக்கவேண்டிய கையொப்பம் இருந்தது. கையொப்பம் சரியாக இருந்தால் காசு நகரும். போட்டது யார், எதற்காகப் போட்டார் என்று நிறுத்தி வைத்து விசாரிக்க அங்கே மேனேஜர் கிடையாது. மறுநாள் காலையில் போய்ப் புகார் கொடுத்து ரத்து செய்யவும் முடியாது.

கிரிப்டோவை எந்த ஆன்லைன் வாலட்டில் வைப்பது என்று கேட்பவர்களுக்கு, சிறந்த பத்து வாலட்கள் என்று பட்டியல் கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பட்டியல்கள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. இன்று முதலிடத்தில் இருக்கும் ஆப் நாளை கைமாறும். அதைவிட இந்தக் காசு அடுத்த எட்டரை ஆண்டுகள் யார் யார் கையில் இருந்தது என்று பின்தொடர்ந்து பார்ப்பது உபயோகம்.

காசு என்று பழக்கத்தில் சொல்கிறோம். பிட்காயின் எந்தப் போனிலும் எந்த நிறுவனத்தின் சர்வரிலும் கிடப்பதில்லை. இந்த முகவரியில் இவ்வளவு இருக்கிறது என்று உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே மாதிரி வைத்திருக்கும் பேரேட்டில் அது ஒரு வரி. அந்த வரியை மாற்றி எழுத ஒரு ரகசிய எண் வேண்டும். 256 பிட் நீளமுள்ள பிரைவேட் கீ. நாம் டவுன்லோடு செய்யும் வாலட் என்பது இந்தச் சாவியை வைத்துக்கொண்டு கையொப்பம் போட்டுத் தரும் மென்பொருள். இப்போதெல்லாம் சாவியை 12 அல்லது 24 சொற்களாக எழுதிக்கொள்ளச் சொல்கிறார்கள். 2,048 சொற்கள் கொண்ட பொதுப் பட்டியலிலிருந்து தற்செயலாகப் பொறுக்கிய சொற்கள். அந்தச் சொற்கள் யாரிடம் இருக்கின்றனவோ காசு அவருடையது. போன் தொலைந்தாலும், ஆப் நிறுவனமே மூடிவிட்டாலும், சொற்கள் இருந்தால் வேறொரு வாலட்டில் காசை எழுப்பிவிடலாம். எக்ஸ்சேஞ்சில் கணக்கு வைத்திருப்பவரிடம் இந்தச் சொற்கள் கிடையாது. அவர் திரையில் பார்க்கும் 0.25 பிட்காயின், அந்த நிறுவனம் அவருக்குத் தரவேண்டிய பாக்கி.

பிட்ஃபினெக்ஸின் காசுக்கு 2015 வரை வேறு ஏற்பாடு இருந்தது. பெரும்பகுதி இணையத்தோடு தொடர்பே இல்லாத கோல்டு வாலட்டில். அன்றாடம் எடுக்க வருபவர்களுக்குக் கொடுக்க மட்டும் கொஞ்சம் ஆன்லைனில், ஹாட் வாலட்டில். 2015 மே மாதம் யாரோ அந்த ஹாட் வாலட்டில் கைவைத்து சுமார் 1,500 பிட்காயினைக் கொண்டுபோனார்கள். மொத்த இருப்பில் அது மிகச் சிறிய பங்கு. என்னைக் கேட்டால், ஏற்பாடு தன் வேலையைச் செய்தது என்றுதான் சொல்வேன். வந்தவனுக்கு எட்டியது ஆன்லைனில் இருந்தது மட்டும்தான்.

நிறுவனம் அப்படிப் பார்க்கவில்லை. அடுத்த மாதமே அமெரிக்காவின் பிட்கோ நிறுவனத்தோடு சேர்ந்து புதிய முறையை அறிவித்தது. எல்லார் காசையும் ஒரே குவியலாக வைக்காமல் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் பேரேட்டில் தனி வாலட். ஒவ்வொரு வாலட்டுக்கும் மூன்று சாவிகள், அவற்றில் ஏதாவது இரண்டு சேர்ந்தால்தான் காசு நகரும். இரண்டு சாவி பிட்ஃபினெக்ஸிடம், அதில் ஒன்று அவசரத்துக்கு என்று ஒதுக்கி வைக்கப்பட்டது, மூன்றாவது பிட்கோவிடம். மல்டிசிக் என்று தொழிலில் இதைச் சொல்கிறார்கள். காகிதத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. நம் ஊர் வங்கி லாக்கரும் இப்படித்தான், அதிகாரியின் சாவியும் நம் சாவியும் சேர்ந்தால் திறக்கும். ஆனால் அங்கே அதிகாரி நம் முகத்தைப் பார்க்கிறார், ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்குகிறார். இங்கே இரண்டாவது சாவியைப் போட்டது ஒரு புரோகிராம். கேட்ட தொகை வரம்புக்குள் இருந்தால் அது தானாகவே கையொப்பமிடும்.

இந்த மாற்றத்தில் இன்னொன்றும் நடந்தது. இணையத்துக்கு வெளியே தூங்கிக்கொண்டிருந்த பெருந்தொகை, தனித்தனி வாலட்களாகப் பிரிந்து ஆன்லைனுக்கு வந்தது. களவு போனபோது இரண்டாயிரம் பரிவர்த்தனைகள் ஆனது அதனால்தான்.

உள்ளே நுழைந்தது எப்படி என்பது பற்றி நிறுவனம் பொதுவில் அதிகம் பேசவில்லை. களவு பற்றிய ரகசிய ஆய்வறிக்கை ஒன்று தங்களுக்குக் கிடைத்ததாக ஓசிசிஆர்பி என்ற புலனாய்வுப் பத்திரிகையாளர் அமைப்பு 2023-இல் எழுதியது. தனித்தனியே இருக்கவேண்டிய சாவிகளில் இரண்டு ஒரே கருவியில் இருந்தன என்றது அந்த அறிக்கை. பிட்ஃபினெக்ஸ் அந்த ஆய்வு முழுமையற்றது என்று மறுத்தது. தன் சர்வருக்குள் யாரும் நுழையவில்லை என்று பிட்கோ ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்தது. இருக்கலாம், நுழையத் தேவையே இல்லையே. இரண்டு சாவி ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டால் மூன்று சாவிப் பூட்டு ஒரு சாவிப் பூட்டாகிவிடுகிறது.

காசு போன பிறகு பிட்ஃபினெக்ஸ் செய்த காரியம் கிரிப்டோ உலகில் இன்றும் பேசப்படுகிறது. வாலட்கள் தனித்தனி, யாருடைய வாலட் காலியானது, யாருடையது தப்பியது என்று பேரேட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். அப்படியிருந்தும் நஷ்டத்தை எல்லார் தலையிலும் பங்கிட்டது. ஒவ்வொரு கணக்கிலும் 36 சதவீதம் வெட்டு. பிட்காயினே வைத்திராமல் டாலராக மட்டும் வைத்திருந்தவருக்கும் வெட்டு. இழந்த ஒவ்வொரு டாலருக்கும் பிஎஃப்எக்ஸ் என்று ஒரு டோக்கன் கொடுத்தது. முதலில் அந்த டோக்கன் சந்தையில் அரைவிலைக்கும் கீழே விற்றது. 2017 ஏப்ரலுக்குள் நிறுவனம் எல்லா டோக்கனையும் ஒன்றுக்கு ஒரு டாலர் என்று கொடுத்துத் தீர்த்தது, அல்லது நிறுவனப் பங்காக மாற்றியது. நாணயமான நடத்தை என்று பாராட்டியவர்கள் உண்டு. நானும் பாதி ஒத்துக்கொள்வேன். அந்தக் காலத்தில் காசு போன எக்ஸ்சேஞ்சுகள் கடையைப் பூட்டிவிட்டுப் போனதுதான் வழக்கம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 பிட்காயின் வைத்திருந்தவருக்கு வெட்டு 36 பிட்காயின். அன்றைய விலை சுமார் 600 டாலர் என்று வைத்தால் அவர் திரும்பப் பெற்றது 21,600 டாலர். அந்த 36 பிட்காயினின் பிந்தைய விலையைப் பிறகு பார்ப்போம்.

எட்டு ஆண்டு கழித்து, நஷ்டம் யார் தலையில் என்ற இதே கேள்வி சென்னைக்கு வந்தது. 2024 ஜூலை 18 அன்று இந்தியாவின் வசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சின் மல்டிசிக் வாலட் ஒன்றிலிருந்து சுமார் 23 கோடி டாலர், நம் கணக்கில் ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய், போனது. அங்கே சாவி ஆறு. ஐந்து வசிர்எக்ஸிடம், ஒன்று லிமினல் என்ற காவல் நிறுவனத்திடம். வசிர்எக்ஸின் மூன்றும் லிமினலின் ஒன்றும் சேர்ந்தால் கையொப்பம் பூர்த்தி. சாவிகள் களவு போகவே இல்லை, திரையில் ஒரு பரிவர்த்தனை தெரிந்தது, கையொப்பம் விழுந்தது வேறொன்றின் மேல் என்றது வசிர்எக்ஸ். எங்கள் பக்கம் ஓட்டை இல்லை என்றது லிமினல். வடகொரியாவின் வேலை என்று அமெரிக்காவும் ஜப்பானும் தென்கொரியாவும் பிறகு கூட்டாகச் சொல்லின. வசிர்எக்ஸும் நஷ்டத்தை எல்லாரும் பகிர்ந்துகொள்ளவேண்டும் என்றது. களவு போனது ஒரு வகை டோக்கன், நான் வைத்திருந்ததோ எக்ஸ்ஆர்பி, அதை யாரும் தொடவே இல்லையே என்று ஒரு வாடிக்கையாளர் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனார். 2025 அக்டோபரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ என்பது சட்டத்தின் கண்ணில் சொத்து, ஒருவர் இன்னொருவருக்காக நம்பிக்கையின்பேரில் வைத்திருக்கக்கூடிய சொத்து என்று தீர்ப்பளித்து அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு கொடுத்தார். எக்ஸ்சேஞ்சில் கணக்கு வைத்திருக்கும் நம்மவர்கள் எல்லாரும் படிக்கவேண்டிய தீர்ப்பு அது. ஆனால் தன் 3,500 சொச்சம் காயினுக்காக ஒருவர் உயர்நீதிமன்றப் படி ஏறவேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

பிட்ஃபினெக்ஸ் காசுக்குத் திரும்புவோம்.

களவு போன காசு சில மாதங்கள் அசையவில்லை. உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. அதுதான் இந்தப் பேரேட்டின் விசித்திரம். யார் கையில் என்று தெரியாது, எங்கே இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 2017 ஜனவரியில் சிறிய சிறிய தொகைகளாக நகரத் தொடங்கியது. முதலில் ஆல்ஃபாபே என்ற டார்க்நெட் சந்தைக்குள் போய் வெளியே வந்தது. போதைப்பொருளும் திருட்டு அட்டை விவரங்களும் விற்ற சந்தை அது. அங்கே எல்லார் காசும் கலந்துவிடுவதால் தடம் அழியும் என்பது கணக்கு. அதே ஆண்டு ஜூலையில் ஆல்ஃபாபே இழுத்து மூடப்பட்டது. அதற்கு முன்பே அங்கிருந்து வெளியேறிய காசு, வேறொரு எக்ஸ்சேஞ்சில் பொய்ப் பெயர்களில் திறந்த கணக்குகளுக்குப் போயிருந்தது. அந்தக் கணக்குகளின் மின்னஞ்சல் முகவரிகள் எல்லாம் இந்தியாவைச் சேர்ந்த ஒரே சேவை நிறுவனத்தில் எடுக்கப்பட்டவை. பெயர்கள் வேறு, எழுதிய கை ஒன்று. அடையாள ஆவணம் கொடுங்கள் என்று எக்ஸ்சேஞ்ச் கேட்டது, பதில் வரவில்லை, கணக்குகள் முடங்கின. கேஒய்சி என்றால் நமக்கெல்லாம் அலுப்பு. இந்தக் கதையில் திருடன் முதன்முதலில் இடறி விழுந்த இடம் அதுதான்.

அடுத்த நான்கைந்து ஆண்டுகளில் மொத்தம் சுமார் 25,000 பிட்காயின் இப்படி வெளியேறியது. ஒரு பகுதி வேறு வகை காயின்களாக மாறியது. ஒரு பகுதி தங்கக் காசாகி மண்ணுக்குள் புதைக்கப்பட்டது. இணையத்தில் மட்டுமே வாழ்ந்த செல்வம் கடைசியில் நம் பாட்டன் காலத்து முறைக்குப் போய் நின்றதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு பகுதி கிஃப்ட் கார்டுகளாக மாறியது. அவற்றில் ஒன்று வால்மார்ட்டின் 500 டாலர் கார்டு. ஐபோன் ஆப்பில், ஹெதர் மோர்கன் என்ற சொந்தப் பெயரில் இருந்த கணக்கில், அதைச் செலவழித்திருந்தார்கள்.

மோர்கன் நியூயார்க்கில் தொழில்முனைவோர், ஃபோர்ப்ஸ் தளத்தில் பத்தி எழுதியவர், ராஸில்கான் என்ற பெயரில் ராப் பாடியவர். சைபர் திருடர்களிடமிருந்து உங்கள் தொழிலைக் காப்பது எப்படி என்றும் ஒரு பத்தி எழுதியிருக்கிறார். கணவர் இலியா லிக்டன்ஸ்டைன் ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த மென்பொருள் தொழில்முனைவோர். பிட்ஃபினெக்ஸுக்குள் நுழைந்தது தானே என்று 2023-இல் அவர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். மனைவி பிற்பாடு காசை வெளுப்பதில் சேர்ந்துகொண்டவர்.

2022 ஜனவரி 5 அன்று வால் ஸ்ட்ரீட்டில் இருந்த அவர்கள் வீட்டைப் புலனாய்வாளர்கள் சோதனை போட்டார்கள். நடுப்பக்கங்களைக் குடைந்து பொந்து செய்த புத்தகங்கள் கிடைத்தன. 40,000 டாலர் ரொக்கம் கிடைத்தது. ஹார்டுவேர் வாலட்களும் இருந்தன. 'பர்னர் போன்' என்று எழுதி ஒட்டிய பை ஒன்றும் இருந்தது. ரகசிய போன்களுக்கு லேபிள் ஒட்டி வைத்த நேர்த்தியை என்னவென்று சொல்ல. பெருந்தொகையின் சாவி இந்த எதிலும் இல்லை.

அது இருந்தது, லிக்டன்ஸ்டைன் பயன்படுத்தி வந்த ஒரு கிளவுட் சேமிப்புக் கணக்கில். புலனாய்வாளர்கள் நீதிமன்ற வாரண்டோடு அந்த நிறுவனத்திடம் போய் முந்தைய ஆண்டே கோப்புகளின் நகலை வாங்கியிருந்தார்கள். அவை பூட்டப்பட்டிருந்தன, என்கிரிப்ட் செய்யப்பட்டிருந்தன. 2022 ஜனவரி 31 அன்று முக்கியமான கோப்பு திறந்தது. உள்ளே சுமார் 2,000 முகவரிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் பிரைவேட் கீ. போலிப் பாஸ்போர்ட் வாங்கும் யோசனைகளுக்கென்று தனிக் கோப்பும், எந்தக் கணக்கு முடங்கியது என்று குறித்துவைத்த அட்டவணையும் அதே கணக்கில் இருந்தன.

ஒரு எக்ஸ்சேஞ்சின் பலவீனத்தைத் தேடிக் கண்டுபிடித்து உள்ளே போனவர், அவர்கள் செய்ததாகச் சொல்லப்படும் அதே காரியத்தைச் செய்தார்: பிரிந்திருக்கவேண்டிய சாவிகளை ஓரிடத்தில் சேர்த்தார். அதுவும் இன்னொருவருக்குச் சொந்தமான கணினியில். ஏன் என்று யோசித்தால் எனக்கு ஒரு காரணம்தான் தோன்றுகிறது: திருட்டுப் பயத்தைவிடத் தொலைத்துவிடும் பயம் பெரியது. 2,000 சாவிகளை மனப்பாடம் செய்ய முடியாது. கம்ப்யூட்டர் பழுதாகலாம், வீடு எரியலாம். வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட்டில் ஒருவர் 8,000 பிட்காயினின் சாவி இருந்த ஹார்டு டிஸ்க் 2013-இல் குப்பையோடு போய்விட்டது என்று, நகராட்சியின் குப்பைக்கிடங்கைத் தோண்ட அனுமதி கேட்டுப் பல ஆண்டுகள் போராடி, 2025 ஜனவரியில் வழக்கிலும் தோற்றார். சாவியை யாரிடமும் கொடுக்காமல் நானே வைத்துக்கொள்கிறேன் என்பவர்கள் இந்த ஆளையும் நினைத்துக்கொள்ளவேண்டும்.

நம்மில் பலர் லிக்டன்ஸ்டைன் செய்ததை இன்னும் மோசமாகச் செய்கிறோம். அவராவது கோப்பைப் பூட்டி வைத்திருந்தார். வாலட் ஆப் காட்டும் 12 சொற்களை ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் அது போனிலிருந்து கிளவுடுக்குத் தானாகப் போய்ச் சேர்கிறது. வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே அனுப்பிக்கொள்பவர்கள் உண்டு. பாஸ்வேர்டு காக்கும் லாஸ்ட்பாஸ் சேவையிலிருந்து 2022-இல் வாடிக்கையாளர் பெட்டகங்களின் நகல்கள் களவு போனபோது, பூட்டிய பெட்டகம்தானே என்று பலரும் அசட்டையாக இருந்தார்கள். பாஸ்வேர்டு பலவீனமாக இருந்த பெட்டகங்களை உட்கார்ந்து ஒவ்வொன்றாக உடைக்கத் திருடனுக்கு அவகாசம் இருந்தது.

ஆகவே ஆன்லைன் வாலட் தேர்ந்தெடுக்கும்போது ஆப்பின் அழகையும் நட்சத்திரங்களையும் விட்டுவிட்டு நான் முதலில் கேட்பது, சாவி யாரிடம், எத்தனை இடத்தில் என்பதைத்தான். சாவி நிறுவனத்திடம் என்றால், அடிக்கடி வாங்கி விற்கத் தேவையான தொகை மட்டும் அங்கே; போனால் வயிறு எரியும், வாழ்க்கை நிற்காது என்கிற அளவு. எடுக்கும்போது புதிய முகவரிக்கு ஒரு நாளாவது காத்திருக்கச் சொல்லும் வசதி இருந்தால் அதைப் போட்டு வைக்கவேண்டும். எஸ்எம்எஸ் ஓடிபியைவிட அத்தென்டிகேட்டர் ஆப் மேல், ஏனென்றால் சிம் கார்டை இன்னொருவர் பெயருக்கு மாற்றி வாங்கிவிட முடிகிறது. சாவி நம்மிடம் என்றால் சொற்கள் காகிதத்தில், போனும் காகிதமும் ஒரே பையில் இல்லாமல். பெரிய தொகை போடுமுன் சிறிய தொகை போட்டு, ஆப்பை அழித்துவிட்டு, எழுதிவைத்த சொற்களை வைத்து மீட்டுப் பார்க்கவேண்டும். இதைச் செய்து பார்க்காதவர்கள்தான் அதிகம். உதவி மையத்திலிருந்து பேசுகிறேன், சொற்களைச் சொல்லுங்கள் என்று கேட்பவர் எந்த நிறுவனத்தின் பெயரைச் சொன்னாலும் திருடர்.

2022 பிப்ரவரி 1 அன்று, ஆண்டுக்கணக்கில் அசையாதிருந்த அந்த முகவரிகளிலிருந்து 94,643 பிட்காயின் ஒரே முகவரிக்கு வந்து குவிந்தது. பேரேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திருடன் விழித்துவிட்டான் என்று நினைத்தார்கள். கோப்பு திறந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. இம்முறை கையொப்பம் போட்டது அமெரிக்க அரசு. 2016-இல் திருடனுக்குக் கதவைத் திறந்த அதே விதி அரசுக்கும் திறந்தது, யார் என்று கேட்காமல். ஒரு வாரம் கழித்து, பிப்ரவரி 8-ஆம் தேதி, தம்பதி கைதானார்கள். பறிமுதல் செய்ததன் மதிப்பு 360 கோடி டாலர் என்று நீதித்துறை அறிவித்தது. அதுவரை அந்தத் துறை செய்த பறிமுதல்களில் ஆகப்பெரியது. 2024 நவம்பரில் லிக்டன்ஸ்டைனுக்கு ஐந்து ஆண்டும் மோர்கனுக்குப் பதினெட்டு மாதமும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

அப்புறம்தான் சுவையான தகராறு. காசு கிடைத்துவிட்டது, யாருடையது? 36 சதவீதம் வெட்டுப்பட்ட வாடிக்கையாளர்கள் சிலர் நீதிமன்றத்துக்கு எழுதினார்கள். எங்கள் பெயரில் தனி வாலட் இருந்தது, போனது எங்கள் பிட்காயின், டாலராகக் கொடுத்துக் கணக்கை முடித்தது எங்கள் விருப்பம் அல்ல என்றார்கள். நஷ்டத்தை 2017-லேயே தீர்த்தாயிற்று, இழந்தது நாங்கள் என்றது நிறுவனம். 2025 ஜனவரியில் நீதிமன்றம் அந்தக் குவியலைப் பிட்காயினாகவே பிட்ஃபினெக்ஸிடம் தரும்படி உத்தரவிட்டது. அப்போது ஒரு பிட்காயின் விலை ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர். 21,600 டாலர் வாங்கிக்கொண்டு போனவரின் 36 பிட்காயின் 36 லட்சம் டாலர் ஆகியிருந்தது.

பிட்ஃபினெக்ஸ் 2019-இல் லியோ என்று தன் சொந்த டோக்கன் ஒன்றை விற்றபோது, களவு போனது எப்போதாவது திரும்பினால் செலவு போக வருவதில் 80 சதவீதத்தையாவது கொண்டு சந்தையிலிருந்து லியோவை வாங்கி அழித்துவிடுவதாக எழுதிக்கொடுத்திருந்தது. வெட்டுக்குப் பதில் நிறுவனப் பங்கை ஏற்றுக்கொண்டவர்களுக்கும் ஒரு மீட்பு உரிமை டோக்கன் கொடுத்திருந்தது. டாலராக வாங்கிக்கொண்டு போனவர்களுக்கு இந்த இரண்டிலும் பங்கு இல்லை.